பெரணியைப் புரட்டிப் பார்க்கலாம்: தண்டு முதல் ஸ்போர் வரை ஒரு தொடக்க வழிகாட்டி

பெரணி வளர்க்கத் தொடங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்தே வேண்டாம். அந்தச் செடியின் அடுத்த தலைமுறை முழுவதும் அந்தப் புள்ளிகளுக்குள்தான் இருக்கிறது. நல்ல செடியைப் பூச்சி பிடித்ததாக நினைத்து இலை இலையாக வெட்டிப் போடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பெரணியின் உடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும், இந்தக் குழப்பம் வராது.

அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. முதிர்ந்த பெரணிச் செடி ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத்தாள், மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில், இது பெரணிதானா?

பெரணி பூக்காது, காய்க்காது, விதை தராது. ஸ்போர் என்ற ஒற்றைச் செல் துகளால்தான் பெருகும். ஆனால் நீரையும் உணவையும் கடத்தும் சைலம், புளோயம் திசுக்கள் அதற்கு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தாவர உலகில் அதன் இடம் தெரிந்துவிடும்: பாசிக்கு மேலே, விதைத் தாவரங்களுக்குப் பக்கத்தில். இன்று உயிரோடு இருக்கும் பெரணி இனங்கள் ஏறத்தாழ 10,500.

தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நாற்றுப் பண்ணைகளில் 'அஸ்பராகஸ் ஃபெர்ன்' என்று விற்பது பெரணியே இல்லை. அது தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. சின்னதாகப் பூத்துச் சிவப்புப் பழம் விடும். சைகஸின் இளந்தளிரில் சிற்றிலைகள் பெரணி போலவே சுருண்டிருக்கும், ஆனால் அது விதைத் தாவரம். செலாஜினெல்லாவுக்கும் ஸ்போர் உண்டு, என்றாலும் அதன் குட்டி இலைகளில் கிளைக்காத ஒற்றை நரம்புதான் ஓடும். அது வேறொரு பழைய கிளையைச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறாக, பெரணி மாதிரியே தெரியாத பெரணிகளும் உண்டு. நான்கு சிற்றிலையோடு நீரோரத்தில் படரும் ஆரைக்கீரை ஒரு பெரணி. நீரில் மிதக்கும் அசோலாவும் பெரணிதான். அதன் இலைக்குழிகளில் தங்கியிருக்கும் நீலப்பச்சை நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால்தான் நெல் வயல்களில் அதை உரமாக வளர்க்கிறார்கள். கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்கும் ஈக்விசீட்டத்தைப் பழைய பாடப்புத்தகங்கள் தனியாக வைத்திருந்தன. 2001இல் வெளியான மரபணு ஆய்வு அதைப் பெரணிகளோடு சேர்த்தது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.

தண்டைத் தேடுங்கள்

பெரணியில் கண்ணுக்குப் படுவதெல்லாம் இலைதான். தண்டு பெரும்பாலும் மண்ணுக்குள்ளோ மண்ணோடு ஒட்டியோ கிடக்கும். இதற்கு மட்டநிலத்தண்டு என்று பெயர். இலைக்கொத்து கிளம்பும் இடத்தில் மண்ணை விரலால் மெதுவாக ஒதுக்கிப் பாருங்கள். செதில்களோ பழுப்பு ரோமமோ மூடிய கட்டையான பகுதி தெரிந்தால் அதுதான்.

அந்தத் தண்டு எப்படி வளர்கிறது என்பதைக் கட்டாயம் பார்த்துவையுங்கள், ஏனென்றால் தொட்டியில் எப்படி நடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஆஸ்ப்ளீனியம் நைடஸ் போன்றவற்றில் தண்டு குட்டையாக நிமிர்ந்திருக்கும், இலைகள் அதன் உச்சியில் வட்டமாகக் கிளம்பும். அந்த உச்சியை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். டவாலியாவில் ரோமம் அடர்ந்த தண்டு மண்ணுக்கு மேலேயே படர்ந்து தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும். மேலே கிடக்கிறதே என்று மண் போட்டு மூடக் கூடாது. நெஃப்ரோலெப்பிஸ் மெல்லிய ஓடுதண்டுகளை விட்டு, அவற்றின் மேல் புதுச் செடிகளை உண்டாக்கும். பிரித்து நடுவதற்கு இதைவிட எளிதான பெரணி கிடைக்காது.

மரப்பெரணிகளில் தண்டு நெட்டுக்குத்தாக வளரும். சில இனங்கள் 20 மீட்டர்கூட எட்டும். ஆனால் மற்ற மரங்களைப் போல ஆண்டுக்கு ஆண்டு கட்டை பருக்கும் திசு அவற்றில் கிடையாது. தண்டைச் சுற்றி அடர்த்தியாகப் பின்னிக்கொண்டிருக்கும் வேர்களே அதைத் தாங்கி நிற்கின்றன.

வேர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரணியில் ஆணிவேர் கிடையாது. எல்லா வேரும் தண்டிலிருந்து நேராகக் கிளம்பும், மெல்லியதாக, கம்பி போல, பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். தொட்டி மாற்றும்போது கறுப்பு வேரைப் பார்த்து அழுகிவிட்டதாக நினைத்து நறுக்க வேண்டாம். விரலால் நசுக்கிப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உயிருள்ள வேர். கூழாகி நாற்றம் அடித்தால் மட்டும் வெட்டுங்கள்.

ஓர் இலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நெஃப்ரோலெப்பிஸில் நீளமாக வளைந்து தொங்குவதைக் கிளை என்றும், அதன் இருபுறமும் வரிசையாக இருப்பவற்றை இலைகள் என்றும் நினைக்கிறோம். உண்மையில் தண்டில் ஒட்டும் இடத்திலிருந்து நுனிவரை மொத்தமும் ஒரே இலை.

அந்த ஒற்றை இலையைக் கையில் எடுங்கள். சிற்றிலை இல்லாத அடிப்பகுதி இலைக்காம்பு. அதே காம்பு மேலே தொடர்ந்து சிற்றிலைகளைத் தாங்கும் பகுதி இலையச்சு. இருபுறமும் இருப்பவை சிற்றிலைகள். சில இனங்களில் சிற்றிலையே மறுபடியும் பிரிந்து குறுஞ்சிற்றிலைகளாகும், சிலவற்றில் அதுவும் பிரியும். அடையாளம் காணும் கையேடுகள் எல்லாம் முதலில் கேட்பது இதைத்தான்: இலை பிரியாததா, ஒருமுறை பிரிந்ததா, இரண்டு அல்லது மூன்று முறை பிரிந்ததா? ஆஸ்ப்ளீனியம் நைடஸில் பிரிவே இல்லை, நெஃப்ரோலெப்பிஸில் ஒருமுறை, அடியாண்டத்தின் பல இனங்களில் இரண்டு மூன்று முறை. எண்ணிப் பழகிவிட்டால் கண்ணே சொல்லிவிடும்.

அடுத்து இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நரம்புகள் இரண்டிரண்டாகக் கிளைத்து ஒன்றோடொன்று சேராமல் விளிம்புவரை போகின்றனவா, வலையாகப் பின்னிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு இனங்களைப் பிரித்தறிய இது பலமுறை உதவும். காம்பின் அடியிலுள்ள செதில்களின் நிறத்தையும் வடிவத்தையும்கூடக் குறித்துக்கொள்ளுங்கள்.

இளம் இலை முழுவதும் சுருளாகக் கிளம்புவது பெரும்பாலான பெரணிகளின் அடையாளம். வளரும் நுனி சுருளின் நடுவில் பத்திரமாக இருக்க, அடிப்பகுதி முதலில் முதிர்ந்து விறைக்கும், பிறகு மேலே மேலே அவிழ்ந்துகொண்டே போகும். அதாவது இலை தன் நுனியிலிருந்து வளர்கிறது. அதனால் சுருளை விரலால் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நுனி ஒடிந்தால் அந்த இலை அத்தோடு நின்றுவிடும். காற்று ரொம்பவும் வறண்டிருந்தாலும் இந்த மெல்லிய நுனிதான் முதலில் கருகும்.

இப்போது புரட்டுங்கள்

இலையின் அடிப்புறம் பெரணியின் முகவரி. அங்கே தெரியும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் ஒரு சோரஸ், அதாவது ஸ்போர் உண்டாகும் குட்டிப் பைகளான ஸ்போரகங்களின் கொத்து. செதில்பூச்சியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒழுங்கைப் பாருங்கள். சோரஸ் நரம்பின் மேல் அல்லது இலை விளிம்பில் அமைவதால், நடுநரம்பின் இருபுறமும் கணக்காக வரிசை பிடித்திருக்கும். பூச்சியோ காம்பு, மேல்புறம், அடிப்புறம் என்று மனம்போன இடத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினால் முழுதாகப் பெயர்ந்து வரும், சுற்றிலும் பிசுபிசுப்பு இருக்கலாம்.

சோரஸின் வடிவமும் இடமும் பேரினத்துக்குப் பேரினம் மாறும். பாலிபோடியத்தில் வட்டமாக, மூடியில்லாமல் இருக்கும். டிரையாப்டெரிஸில் சிறுநீரக வடிவ மெல்லிய சவ்வு ஒன்று அதை மூடியிருக்கும். இந்த மூடிக்கு இண்டூசியம் என்று பெயர். ஆஸ்ப்ளீனியத்தில் நரம்பை ஒட்டி நீளக் கோடுகளாக இருக்கும். டெரிஸில் இலையின் விளிம்பே உள்நோக்கி மடிந்து ஸ்போரகங்களை நீளமாக மூடிக்கொள்ளும். அடியாண்டத்தில் விளிம்பின் சிறு சிறு மடிப்புகளைத் தூக்கிப் பார்த்தால் அந்த மடிப்பின் மேலேயே ஸ்போரகங்கள் ஒட்டியிருப்பது தெரியும். உப்பங்கழிச் சேற்றில் வளரும் அக்ராஸ்டிகத்தில் தனித்தனிப் புள்ளியே இல்லை, மேல் சிற்றிலைகளின் அடிப்புறம் முழுவதும் பழுப்பு வெல்வெட் பூசினாற்போல் இருக்கும்.

எவ்வளவு தேடியும் புள்ளி கிடைக்கவில்லையா? செடி இன்னும் முதிராமல் இருக்கலாம், அல்லது அந்த இனம் ஸ்போருக்கென்று தனி இலை விடுவதாக இருக்கலாம். ஆஸ்மண்டா சிலவற்றில் அந்த இலையில் பச்சைப் பரப்பே இல்லாமல் வெறும் ஸ்போரகக் கொத்துகள் மட்டும் நிற்கும்.

இதுவரை ஒரு பேரினத்தைக்கூட அடையாளம் காணாதவர்கள் டெரிஸில் தொடங்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவர்களின் இடுக்கில் டெரிஸ் விட்டேட்டா தானாக முளைத்திருக்கும். மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சித் தன் இலைகளில் பெருமளவு சேர்த்துவைக்கும் அதன் இயல்பு 2001இல் கண்டறியப்பட்டது. அதனால் நஞ்சேறிய மண்ணைச் சுத்தம் செய்ய அதை நட்டுப் பார்க்கிறார்கள். சுவரோரத்துச் செடிதானே என்று கடந்து போகும்படியானது இல்லை அது.

ஸ்போரகத்தின் வேலை

கைலென்ஸை இலையோடு நெருக்கி வைத்து, முதிர்ந்த சோரஸ் ஒன்றைப் பாருங்கள். காம்புள்ள குட்டி உருண்டைகள் நெருக்கமாக நிற்பது தெரியும். ஒவ்வோர் உருண்டையும் ஒரு ஸ்போரகம். அதன் சுவர் ஒரே ஒரு செல் தடிமன். உள்ளே பெரும்பாலான இனங்களில் 64 ஸ்போர்கள்: 16 தாய்ச் செல்கள் ஒவ்வொன்றும் குன்றல் பகுப்பில் நான்காகப் பிரிவதால் வரும் கணக்கு.

உருண்டையின் முதுகில் தடித்த செல்கள் ஒரு வரிசையாக ஓடும். அதன் பெயர் அன்னுலஸ். அந்தச் செல்களின் வெளிச்சுவர் மெல்லியது, உள்சுவரும் பக்கச்சுவர்களும் தடித்தவை. காற்று வறண்டதும் செல்களுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குறையும், மெல்லிய வெளிச்சுவர் உள்ளே இழுபடும். வரிசை முழுவதும் பின்னால் வளையத் தொடங்கும். உருண்டை கிழிந்து திறக்கும், ஸ்போர்கள் அந்த வளைவோடு சேர்ந்து பின்னுக்குப் போகும். இழுவிசை தாங்க முடியாத அளவுக்கு ஏறியதும் செல்களுக்குள் நீர் அறுந்து குமிழி உண்டாகும். அந்த நொடியில் அன்னுலஸ் முன்னே பாயும், ஸ்போர்கள் கவண் கல்லாகத் தெறிக்கும். வேலை செய்வது தசையும் இல்லை, உயிருள்ள அசைவும் இல்லை, வெறும் நீரின் இழுவிசை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். முதிர்ந்த சோரஸ் உள்ள சிற்றிலையைப் பறித்து, மேசை விளக்கின் கீழ் சூடு படும்படி வைத்து லென்ஸால் கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்போரகங்கள் மெதுவாகப் பின்னால் வளைவதும், பிறகு ஒவ்வொன்றாகச் சட்டென்று துள்ளுவதும் தெரியும். பெரணியை வெறும் அலங்கார இலையாக மட்டும் பார்த்தவர்களுக்கு இதைக் காட்டிப் பாருங்கள்.

ஸ்போர் சேகரிப்பது

சரியான பருவம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சோரஸ் வெளிர்பச்சையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை. கரும்பழுப்பாக, திரண்டு, லேசாக மின்னினால் எடுக்கலாம். பஞ்சு போல் கிழிந்து வெளிறியிருந்தால் ஸ்போர் ஏற்கெனவே போய்விட்டது.

முற்றிய இலைத்துண்டை, சோரஸ் கீழே பார்க்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, மேலே இன்னொரு தாளை மூடிக் காற்று படாத உலர்ந்த இடத்தில் ஓரிரு நாள் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் தாளில் இலையின் உருவமே பொடியாகப் படிந்திருக்கும். அந்தப் பொடி எல்லாமே ஸ்போர் இல்லை, காலியான ஸ்போரகங்களும் கலந்திருக்கும். தாளைச் சரித்து மெதுவாகத் தட்டுங்கள். சொரசொரப்பான சக்கை உருண்டு போய்விடும், நுண்ணிய ஸ்போர் தாளோடு ஒட்டி நிற்கும். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள், ஏனென்றால் சக்கையோடு விதைத்தால் பூஞ்சை அதில்தான் முதலில் பிடிக்கும்.

ஸ்போரைத் தாளில் மடித்து, பெயரும் தேதியும் எழுதி உலர்ந்த இடத்தில் வையுங்கள். பழுப்பு ஸ்போர்கள் பல மாதம், சில இனங்களில் பல ஆண்டுகள்கூட முளைக்கும் திறனோடு இருக்கும். ஆஸ்மண்டா போன்றவற்றின் ஸ்போர் பச்சை நிறம், அவை சீக்கிரம் செத்துவிடும். கிடைத்தவுடன் விதைத்துவிட வேண்டும்.

விதைப்பதும் அந்த இன்னொரு செடியும்

ஸ்போரை விதை என்று நினைத்தால் இங்கே எல்லாம் தவறாகிவிடும். விதைக்குள் கரு இருக்கிறது, கூடவே அதற்கான உணவும். ஸ்போர் ஒரே ஒரு செல், அதில் குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதி மட்டுமே. அதிலிருந்து நேராகப் பெரணி வராது. முதலில் புரோதாலஸ் என்ற வேறொரு செடி வரும்: பெரும்பாலும் இதய வடிவம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம், நடுப்பகுதி தவிர மற்ற இடமெல்லாம் ஒரே செல் தடிமன், வேருக்குப் பதில் மெல்லிய இழைகள். அது தனியாக வாழும், தனக்கான உணவைத் தானே தயாரிக்கும்.

பெரணிக்கும் விதை இருந்தாக வேண்டும் என்றும், அது கண்ணுக்குத் தெரியாததால் அதை வைத்திருப்பவரும் கண்ணுக்குத் தெரியாமல் போவார் என்றும் ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். ஜமைக்காவில் இருந்த ஜான் லின்ட்சே என்ற அறுவை மருத்துவர் அந்தப் பொடியை விதைத்து, முளைப்பதைப் படிப்படியாகக் கவனித்து எழுதியது 1794இல் வெளிவந்தது. இரண்டு தலைமுறைகளும் மாறி மாறி வரும் முழுச் சுற்றையும் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர் 1851இல் விளக்கினார். தாவரவியலில் இதற்கு இணையான அழகுள்ள கண்டுபிடிப்பு அதிகமில்லை என்பது என் எண்ணம்.

சரி, செய்முறைக்கு வருவோம். தேங்காய்நார்த் தூளை டப்பாவில் இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, கொதிக்கும் நீரை ஊற்றி, மூடி, ஆறவிடுங்கள். பாசி, பூஞ்சை, மற்ற செடிகளின் ஸ்போர் எல்லாவற்றையும் அடக்க இது வேண்டும். தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். அப்புறம் தாளிலுள்ள ஸ்போரை மேலே தட்டித் தூவி, மண் போட்டு மூடாமல், டப்பாவை மட்டும் மூடிவிடுங்கள். முளைக்க வெளிச்சம் தேவை, ஆனால் நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் போதும்.

மெலிதாகத் தூவுவது முக்கியம். நெருக்கமாக விழுந்தால் வளர இடமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரஸ்யமானது. பல இனங்களில் முதலில் முளைத்து வளர்ந்த புரோதாலஸ் ஒரு வேதிப்பொருளை வெளியிட்டு, பக்கத்தில் பிந்தி முளைத்தவற்றை ஆணாக்கிவிடும். பிந்தியவை குட்டையாகவே நின்று விந்தணு மட்டும் தரும். கைப்பிடியாகக் கொட்டினால் டப்பா நிறைய ஆண்கள்தாம் கிடைக்கும்.

சில வாரங்களில் பச்சைப் படலம் தெரியும், இரண்டு மூன்று மாதத்தில் இதய வடிவம் தெளியும். ஒன்றை ஊசியால் தூக்கிப் புரட்டிப் பாருங்கள். அடிப்புறத்தில், இழைகளுக்கு நடுவே விந்தணு உண்டாகும் ஆந்திரீடியங்களும், இதயத்தின் பிளவுக்குக் கொஞ்சம் கீழே முட்டை இருக்கும் ஆர்க்கிகோனியங்களும் இருக்கும். பார்க்க நுண்ணோக்கி வேண்டும். விந்தணு சுருள் வடிவம், பல கசையிழைகளை அடித்துக்கொண்டு நீரில் நீந்தும். அதை மாலிக் அமிலம் ஈர்ப்பதை வில்ஹெல்ம் ஃபெஃபர் 1884இல் காட்டினார். நீந்த நீர் வேண்டும், மெல்லிய படலமாவது வேண்டும். பெரணிகள் ஈரமான இடங்களையே சுற்றிச் சுற்றி வளர்வதற்குப் பெரிய காரணம் இதுதான். வளர்ந்த செடி ஓரளவு வறட்சியைத் தாங்கும். தாங்க முடியாதது பெரும்பாலும் இந்தக் குட்டி இதயமும் அதன் நீச்சலும்.

அதனால் இதய வடிவம் தெளிந்ததும், கொதிக்கவைத்து ஆறிய நீரை வாரத்துக்கு ஓரிரு முறை புகையாகத் தெளியுங்கள், எல்லா புரோதாலஸும் நனைய வேண்டும். கருவுற்றால் பிளவுக்கு அருகிலிருந்து ஒரு சின்ன இலை எழும். முதல் இலைகள் தாய்ச்செடி மாதிரி இருக்காது, எளிய விசிறி வடிவில் இருக்கும். தவறான செடி வந்துவிட்டதோ என்று பிடுங்கிவிடாதீர்கள். குட்டிச் செடிக்குச் சொந்த வேர் வந்தபின் புரோதாலஸ் வாடி மறையும்.

டெரிஸ் கிரெட்டிகா, சிர்ட்டோமியம் ஃபால்கேட்டம் போன்ற சில இனங்களில் கருவுறுதலே நடக்காது, புரோதாலஸின் திசுவிலிருந்து நேராகச் செடி கிளம்பும். அவற்றின் ஸ்போரகத்தில் பெரும்பாலும் 64க்குப் பதில் 32 ஸ்போர்தான் இருக்கும். முதல் முயற்சிக்கு இவற்றை எடுத்தால் பெரும்பாலும் சீக்கிரம் பலன் தெரியும்.

எங்காவது வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கரண்டியால் தோண்டி எறியுங்கள். வழவழப்பான பாசி படர்ந்தால் நீர் அதிகம் என்று அர்த்தம், மூடியைக் கொஞ்ச நேரம் சாய்த்து வையுங்கள். செடிகளுக்கு மூன்று நான்கு இலை வந்ததும் கொத்தாக எடுத்து வேறு டப்பாவில் இடைவெளி விட்டு நடுங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தால் வேர் அறுந்துவிடும். விரல் நீளம் வந்ததும் மூடியை முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், இரண்டு மூன்று வாரத்தில் முழுவதுமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். இலை நுனி வாடினால் இரண்டு நாள் மறுபடி மூடி வைத்துவிட்டு, மெதுவாகத் திரும்பத் தொடங்குங்கள்.